விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தாயிற்று, நன்றாக ஓடும் பழைய கணினிகளை என்ன செய்வது?

அச்சகமேசை (கோவில்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் அடிக்கும் சின்னக் கடை நடத்துகிறேன். கடையில் இரண்டு டெஸ்க்டாப், வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு லேப்டாப். மூன்றிலும் விண்டோஸ் 10. டெஸ்க்டாப் இரண்டும் இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி மாற்றியது. லேப்டாப் ஏழாம் தலைமுறை ஐ3. மூன்றும் இன்றைக்கும் நன்றாக வேலை செய்கின்றன.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்று பார்த்தால், இந்தக் கணினி அதற்குத் தகுதி பெறவில்லை என்கிறது. ஊரில் ஒரு கடையில் விசாரித்தேன். மூன்றையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள், இனி இவை எதற்கும் ஆகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

ஆதரவு முடிந்தது என்றால் கணினி நின்றுவிடுமா? நெட் பேங்கிங், ஜிஎஸ்டி எல்லாம் இதிலேயே பார்ப்பது ஆபத்தா? இன்னொன்று, என் தொழில் முழுக்கப் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளிலும் பழைய தமிழ் எழுத்துருக்களிலும் இருக்கிறது. பத்து வருட ஃபைல்கள். அவற்றை விட்டுவிட்டு வேறெங்கும் போக முடியாது. வேலை செய்கிற பொருளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் (மதுரை)

அண்ணாச்சி, முதலில் அந்த எக்ஸ்சேஞ்சை நிறுத்தி வையுங்கள். உங்கள் கணினி நிற்காது. நேற்று எப்படி ஆன் ஆனதோ அப்படியே நாளைக்கும் ஆகும். நின்றது மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

அதற்கும் ஒரு வருட அவகாசம் இருக்கிறது. இஎஸ்யூ என்று ஒரு திட்டம். இதற்கு முன்னால் நிறுவனங்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்ததை, இந்த முறை முதன்முதலாக வீட்டுப் பயனாளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பை ஆன் செய்து உங்கள் செட்டிங்ஸை அவர்களுடைய கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசே வேண்டாம். செட்டிங்ஸ் மட்டும் போனால் போதும். படங்கள், ஃபைல்கள் எல்லாவற்றையும் ஒன்டிரைவுக்கு ஏற்ற வேண்டிய அவசியமில்லை, அவற்றை ஆஃப் செய்து வைத்துக்கொள்ளலாம்.

தேவை இரண்டு. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். பணம் கட்டினாலும் கணக்கு கட்டாயம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். ஒரு கணக்கின் உரிமத்தை 10 கணினிகள் வரை பயன்படுத்தலாம். தாமதமாகச் சேர்ந்தாலும் விடுபட்ட திருத்தங்கள் எல்லாம் வந்துவிடும், முடிவு தேதி மட்டும் மாறாது.

இன்று ராத்திரியே இதைச் செய்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ரைன்கரை (கொலோன், ஜெர்மனி)

இங்கே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் அந்த பேக்கப் நிபந்தனையும் கிடையாது. யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் கூட்டமைப்பு, பாதுகாப்புத் திருத்தத்தை இன்னொரு சேவையோடு முடிச்சுப் போடுவது ஐரோப்பியச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று கேள்வி எழுப்பியது. அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 60 நாளுக்கு ஒருமுறையாவது உள்நுழைந்தால் போதும்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தியாவில் இருப்பவரும் அதே மென்பொருளைத்தான் வாங்கியிருக்கிறார், ஓட்டையும் அதே ஓட்டைதான். கேள்வி கேட்கிற அமைப்பு இருக்கும் இடத்தில் ஒரு நிபந்தனை, இல்லாத இடத்தில் வேறு நிபந்தனை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தீச்சுவர் (பெங்களூரு)

நான் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் சொன்ன இஎஸ்யூ சரியான முதல் படி. ஆனால் "நின்றது திருத்தங்கள் மட்டும்தான்" என்ற வரியைப் படித்துவிட்டு யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

விண்டோஸ் 10-உம் 11-உம் உள்ளே பெரும்பகுதி ஒரே நிரல்தான். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11-க்குத் திருத்தம் வெளியாகிறது. அதைத் தாக்குதல்காரர்களும் இறக்கிப் பிரித்துப் பார்க்கிறார்கள். பழைய ஃபைலுக்கும் புதிய ஃபைலுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். அந்த ஓட்டை விண்டோஸ் 10-இலும் இருந்தால், இஎஸ்யூ இல்லாத கணினியில் அது திறந்தேதான் கிடக்கும். ஆகவே ஆதரவு முடிந்த நாளில் பெரிதாக ஒன்றும் நடக்காது. மாதம் போகப் போக ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் வந்தது நினைவிருக்கும். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளையே தள்ளிவைக்க வேண்டியிருந்தது. ஆதரவு முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்த எக்ஸ்பிக்குக்கூட அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். அப்படி ஒவ்வொரு முறையும் செய்வார்கள் என்று நம்பி உட்கார முடியாது.

அச்சகமேசை சார், நெட் பேங்கிங் பார்க்கும் கணினியை இஎஸ்யூ இல்லாமல் ஒரு நாளும் வைத்திருக்காதீர்கள்.

ஸ்க்ரூடிரைவர் (மதுரை)

இதில் எனக்கு மறுப்பு இல்லை. வண்டி ஓடுகிறது, பிரேக்குக்கு மட்டும் இனி உதிரிபாகம் வராது என்கிற நிலைதான். ஆனால் வண்டியையே உடைக்கச் சொல்லும் முன் இந்த நிலையை உண்டாக்கியது யார் என்றும் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும் என்றார்கள். சரி. அது மறைகுறியாக்கச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சில்லு, நல்ல விஷயம்தான். 2016 ஜூலை கடைசியிலிருந்து புதிய விண்டோஸ் 10 கணினிகளில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு விதி போட்டதும் இதே மைக்ரோசாஃப்ட்தான். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நிறையவற்றில் அது இருக்கிறது. என் மேசைக்கு வரும் லேப்டாப்களில், விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் அமைப்புக்குள் போய் இன்டெல் பிடிடி என்பதை ஆன் செய்தால் டிபிஎம் 2.0 தயாராக நிற்கும். சான்று உள்ள நிரலை மட்டும் வைத்துக் கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் இருக்கும். எல்லாத் தேர்விலும் தேறிவிட்டு, கடைசியில் "பிராசசர் பட்டியலில் இல்லை" என்ற ஒரே காரணத்தால் வெளியே தள்ளப்படும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசை, அங்கேதான் கோடு. 2017-இல் வந்த முதல் ரைசன் வெளியே.

ஏழாம் தலைமுறையில் ஒரே ஒரு லேப்டாப் சிப், 7820எச்க்யூ, பட்டியலுக்குள் பின்னால் சேர்க்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-இல் இருந்த சிப் அதுதான். அதன் கூடப்பிறந்த சிப்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் மட்டும்தான் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

தீச்சுவர் (பெங்களூரு)

தொழில்நுட்பக் காரணம் ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை அண்ணா. விண்டோஸ் 11-இல் கர்னல் என்கிற மையப் பகுதிக்குள் சான்று இல்லாத நிரல் நுழையாமல் தடுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு. அதற்கு எம்பெக் என்ற வசதி பிராசசரிலேயே இருந்தால் வேகம் குறையாது. இல்லாவிட்டால் மென்பொருளிலேயே அதைச் செய்ய வேண்டும், கணினி தடுமாறும். தகுதியில்லாத கணினிகளில் கர்னல் கிராஷ் 52 சதவீதம் அதிகம், தகுதியுள்ளவற்றில் 99.8 சதவீதம் கிராஷ் இல்லாத அனுபவம் என்று 2021-இல் மைக்ரோசாஃப்டே எழுதியது.

ஸ்க்ரூடிரைவர் (மதுரை)

தம்பி, எம்பெக் ஏழாம் தலைமுறையிலேயே வந்துவிட்டது. அதையும் தள்ளியிருக்கிறார்களே? 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன் என்ற பிராசசர் ஓட்டையில் எட்டாம் தலைமுறையின் முதல் சிப்களும் சிக்கின. அவை பட்டியலில் இருக்கின்றன. அந்த 52 சதவீதத்திலும் எத்தனை கிராஷ் பிராசசரால், எத்தனை பழைய டிரைவரால், எத்தனை கெட்டுப்போன ரேமால் என்ற பிரிப்பு கிடையாது. கோட்டை எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவர்கள் சொல்லலாம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த கணினிகளுக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி. 24 கோடிக் கணினிகள் வரை குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 கடைசியிலேயே மதிப்பிட்டது.

தீச்சுவர் (பெங்களூரு)

ஏழாம் தலைமுறை விஷயத்தில் உங்கள் வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆறாம் தலைமுறைக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் என் நிலை மாறவில்லை.

டாலிகணக்கு (ஈரோடு)

கணக்கு எழுதுகிறவர்கள் தரப்பையும் கேளுங்கள். கணக்கு மென்பொருளான டாலியை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் நேரடியாக நிறுவ முடியாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் சொருகி ஜிஎஸ்டி, கம்பெனி ஃபைலிங் செய்கிறோம். அந்த டோக்கனின் டிரைவர், கையொப்பமிடும் செயலி, பிரௌசர் மூன்றும் ஒன்றோடொன்று பேச வேண்டும். விண்டோஸிலேயே அது சில நாள் படுத்திவிடும். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாளன்று புதிய இயங்குதளத்தைப் பரிசோதிக்க எவருக்கும் நேரமில்லை.

லினக்ஸ் பெங்குவின்காரர்கள் வருவதற்கு முன்பே இதைச் சொல்லி வைக்கிறேன்.

பெங்குவின்ரசிகன் (கோவை)

வந்துவிட்டேன். நீங்கள் சொல்வதை மறுக்க வரவில்லை அக்கா. டாலியும் டோக்கனும் இருக்கும் கணினிக்கு விண்டோஸ்தான். அதில் லினக்ஸ் போடச் சொல்கிறவர் கணக்கு அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

என் கேள்வி வேறு. அலுவலகத்தில் எத்தனை கணினியில் டோக்கன் சொருகுகிறீர்கள்? பெரும்பாலும் ஒன்றில், மிஞ்சினால் இரண்டில். மற்றவற்றில் மெயில், வாட்ஸ்அப் வெப், எக்சல், பிடிஎஃப், பிரிண்ட். அவ்வளவுதானே? அந்தக் கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும், காசு கிடையாது, கணக்கு தொடங்கச் சொல்லிக் கேட்காது. லினக்ஸுக்கு மென்பொருள் எழுதும் கேடிஈ குழுவினரும் மற்றவர்களும் சேர்ந்து எண்ட் ஆஃப் 10 என்ற இயக்கம் நடத்துகிறார்கள். பல நாடுகளில் லினக்ஸ் நிறுவிக்கொடுக்கத் தயாராக இருப்பவர்களை அதில் தேடலாம். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த அதே நாளில்தான் ஜோரின் ஓஎஸ் 18 என்ற இன்னொரு லினக்ஸும் வெளிவந்தது. விண்டோஸ் பழகிய கைகளுக்கு அது இன்னும் எளிதாக இருக்கும்.

அச்சகமேசை அண்ணா, உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு இதுதான் என் ஆலோசனை. பிள்ளைகள் யூடியூப் பாடம் பார்ப்பார்கள், கூகுள் டாக்ஸில் எழுதுவார்கள், ஸ்க்ராட்ச்சும் பைத்தானும் படிப்பார்கள். எல்லாம் ஓடும்.

ஆய்வகஆசிரியை (விழுப்புரம்)

உதவி பெறும் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகக் கணினிகளில் பாதிக்கு மேல் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாதவை. புதிதாக வாங்க நிதி கேட்டு எழுதினால் வருவதற்குள் ஒரு கல்வியாண்டு போய்விடும்.

பள்ளிகளுக்கு இஎஸ்யூ முதல் வருடம் கணினிக்கு ஒரு டாலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4 என்று மிகக் குறைந்த விலை வைத்திருக்கிறார்கள். நிறுவனங்களுக்கு முதல் வருடமே 61 டாலர், பிறகு ஒவ்வொரு வருடமும் இரட்டிப்பு. அந்த வகையில் பள்ளிகளை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள், பாராட்டலாம். ஆனால் அது மொத்த உரிமம் வழியாகத்தான் கிடைக்கும். எங்களைப் போன்ற பள்ளிகளில் மொத்த உரிமம் என்றால் என்ன என்று அலுவலகத்தில் விளக்குவதே பெரும்பாடு.

நான் எதிர்பார்ப்பது வேறு. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸும் கொடுத்தார்கள். சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழிலேயே மெனு வரும். மாணவர்கள் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பக்கத்தில் கேரளாவில் மாநில அரசின் கைட் அமைப்பு அரசுப் பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலையும் அதற்கேற்ப எழுதியது. அங்கே 2025 அக்டோபர் பல பள்ளிகளைத் தொடாமலே கடந்துபோயிற்று. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் இந்தப் பதற்றம்?

பெங்குவின்ரசிகன் (கோவை)

அம்மா, இதைப் படித்ததும் மனது நிறைந்தது. உங்கள் ஆய்வகத்துக்கு நானும் நண்பர்களும் ஒரு சனிக்கிழமை வந்து நிறுவிக்கொடுக்கிறோம். தனிமடல் அனுப்புங்கள். ஒரு கணினியில் போட்டுப் பாடத்திட்டம் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்றவற்றுக்குப் போகலாம்.

அச்சகமேசை (கோவில்பட்டி)

பதில்களுக்கு மிக்க நன்றி. மூன்றிலும் இஎஸ்யூ பதிவு முடிந்தது, செட்டிங்ஸ் பேக்கப் வழியில். காசு கேட்கவில்லை.

இப்போது பேஜ்மேக்கர் விஷயம். விண்டோஸ் 11-ஐ வேறு வழியில் ஏற்றித்தருகிறேன் என்று ஒரு பையன் சொல்கிறான். ரூஃபஸ் என்று ஏதோ வைத்துச் செய்யலாமாம். அதை நம்பலாமா?

ஸ்க்ரூடிரைவர் (மதுரை)

செய்யலாம். நானே பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், அவை ஓடுகின்றன. ரூஃபஸில் யூஎஸ்பி தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்க ஒரு டிக் இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு சாவி மாற்றினால் போதும் என்று ஆரம்பத்தில் மைக்ரோசாஃப்டே தன் பக்கத்தில் எழுதியிருந்தது, பின்னால் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் யாருக்குச் செய்கிறேன் என்பதில் ஒரு வரையறை வைத்திருக்கிறேன். கணினி பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர், வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேட்டைத் தானே யூஎஸ்பி போட்டு ஏற்றக்கூடியவர், அவருக்குச் செய்வேன். தகுதியில்லாத கணினிக்கு அந்தப் பெரிய அப்டேட் தானாக வராது. மாதாந்தர திருத்தங்கள் இதுவரை வருகின்றன, ஆனால் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கவில்லை. கடைக்காரருக்கோ டாக்டர் கிளினிக்குக்கோ செய்யமாட்டேன். நாளைக்கு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழவில்லை என்றால் அவர்களுடைய அன்றைய பிழைப்பு நின்றுவிடும்.

அப்படி ஒன்று நடந்துமிருக்கிறது. 24எச்2 பதிப்பு வந்தபோது, பாப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் விண்டோஸ் 11 பூட்டே ஆகாமல் போயிற்று. எந்தக் குறுக்கு வழியும் பலிக்கவில்லை. உங்கள் ஆறாம் தலைமுறைக்கு அந்தக் கட்டளை இருக்கிறது, அந்தப் பயம் வேண்டாம். அடுத்த கட்டளை எது என்று யாருக்கும் தெரியாது.

தீச்சுவர் (பெங்களூரு)

இதில் முழு உடன்பாடு. நான் அண்ணாவைவிட ஒரு படி கடுமையாகவே சொல்வேன். வருமானம் வரும் கணினியில் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு குறுக்கு வழியும் சுற்றுகிறது. எல்டிஎஸ்சி பதிப்பைப் போடு, 2032 வரை திருத்தம் வரும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். 2032 ஜனவரி வரை என்பது ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021-க்கு மட்டும்தான். அது ஏடிஎம், மருத்துவக் கருவி, தொழிற்சாலை இயந்திரம் போன்றவற்றுக்கு உற்பத்தியாளர் வழியாக விற்கப்படும் உரிமம். சாதாரண எல்டிஎஸ்சி 2021-க்கு 2027 ஜனவரியோடு முடிகிறது. கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் "ஒரிஜினல் கீ" எதுவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமையானது அல்ல. அதை இயக்கித்தருகிறேன் என்று, உரிமம் இருப்பதாக விண்டோஸை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் போடுகிறார்களே, ஓட்டையை அடைக்கப் போய்த் திருடனையே வீட்டுக்குள் வைத்துவிட்டு வருகிறீர்கள். நான் பார்த்த பாதிப்புகளில் நிறைய அந்த ஆக்டிவேட்டர்களில் தொடங்கியவைதான்.

அச்சகமேசை சார், இரண்டு டெஸ்க்டாப்புக்கும் வேலையைப் பிரித்துவிடுங்கள். ஒன்று பேஜ்மேக்கருக்கு மட்டும். அதில் இணையமே வேண்டாம், கேபிளைக் கழற்றிவிடுங்கள். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதற்குப் பிறகு புதிய பதிப்பே கிடையாது. அதற்கு இணையம் எதற்கு? வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களை இன்னொரு கணினியில் இறக்கி, வைரஸ் சோதனை செய்து, யூஎஸ்பியில் எடுத்து வாருங்கள். அந்த யூஎஸ்பியைக் கடைக்கு வரும் வேறு யார் கணினியிலும் சொருகாதீர்கள். யூஎஸ்பி சொருகியதும் அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன்னை அணைத்து வையுங்கள். இப்படி வைத்தால் அந்தக் கணினி இன்னும் பல வருடம் சம்பாதித்துக் கொடுக்கும், 2026 அக்டோபரைப் பற்றியும் கவலை இல்லை.

பேங்க், ஜிஎஸ்டி பார்க்கும் கணினி எதுவோ அதற்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். இஎஸ்யூ முடிவதற்குள் அந்த ஒன்றை மட்டும் மாற்றத் திட்டமிடுங்கள். எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட, பயன்படுத்திய கார்ப்பரேட் டெஸ்க்டாப் ஒன்று போதும். புதியதுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஸ்க்ரூடிரைவர் (மதுரை)

அருமையான பிரிப்பு. பேஜ்மேக்கர் கணினியை முழுதாக இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். எஸ்எஸ்டி ஒரு நாள் சொல்லாமல் போகும். அப்போது அந்த விண்டோஸ், அந்த எழுத்துருக்கள், அந்த பிரிண்டர் டிரைவர் எல்லாவற்றையும் புதிதாகத் தேடிச் சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பயன்படுத்திய டெஸ்க்டாப் வாங்கும்போது, கடைக்காரர் வாயால் சொல்லும் தலைமுறையை நம்பாமல், பிராசசர் பெயரைத் திரையில் பாருங்கள். ஐ5-க்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண் 8-இல் தொடங்க வேண்டும், அல்லது அதற்கு மேல். 6500, 7400 என்று இருந்தால் திரும்பவும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். ஐந்து இலக்கம் என்றால் பத்தாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், பிரச்சினை இல்லை. ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் 16 ஜிபி ஏற்கெனவே போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

டாலிகணக்கு (ஈரோடு)

நானும் இதையே செய்யப் போகிறேன். டோக்கன் கணினி இரண்டு மட்டும் மாற்றம். மற்றவற்றில் ஒன்றில் மின்ட் போட்டுப் பார்க்கிறேன். பிரிண்டர் மட்டும்தான் பயம்.

பெங்குவின்ரசிகன் (கோவை)

பயம் நியாயமானதுதான் அக்கா. எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் தாமாகவே வேலை செய்யும். நம் ஊர்க் கடைகளில் எங்கு பார்த்தாலும் இருக்கும் கேனான் எல்பிபி2900-க்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறது, நிறுவப் பொறுமை வேண்டும். அதை விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்வது எளிது.

கரவெட்டி (யாழ்ப்பாணம்)

இங்கேயும் இதே நிலைமைதான். 2022-இல் ரூபாய் விழுந்த பிறகு புதுக் கணினி வாங்குவது எட்டாத காரியமாகிவிட்டது. கல்வி நிலையங்களில் பழைய மடிக்கணினிகளை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, 2026 ஜூனில் செக்யூர் பூட் சான்றிதழ் காலாவதியாகிறது, பழைய கணினிகள் திறக்காது என்று முகநூலில் கதைக்கிறார்கள். உண்மையா? இரண்டு, லினக்ஸில் தமிழ் தட்டச்சு எப்படி? எங்கள் பக்கத்தில் ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகினவர்கள் கனபேர். தமிழ்99 அவர்களுக்குச் சரிவராது.

தீச்சுவர் (பெங்களூரு)

திறக்காது என்பது வதந்தி. 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குகின்றன என்பது உண்மை. அவற்றுக்குப் பதில் 2023 சான்றிதழ்களை விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்புகிறார்கள். அது வந்து சேராத கணினியும் வழக்கம்போல ஆன் ஆகும். பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்க முடியாமல் போகும், அதுதான் இழப்பு. இஎஸ்யூவில் சேர்ந்த விண்டோஸ் 10-க்கு அந்தச் சான்றிதழ் வரும், சேராததற்கு வராது. சேர்ந்துவிடுவதற்கு இது இன்னொரு காரணம்.

ஸ்க்ரூடிரைவர் (மதுரை)

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வதந்தியை நம்பிப் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ ஆஃப் செய்துவிட்டு, அடுத்த முறை ஆன் செய்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் நீலத் திரையில் மீட்புச் சாவி கேட்கும். சாவி இல்லாவிட்டால் ஃபைல்கள் போனதுதான், எந்த டெக்னீஷியனாலும் எடுத்துத்தர முடியாது. அப்படி வந்து அழுதவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பயாஸில் கை வைக்கும் முன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் அந்த 48 இலக்கச் சாவியைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெங்குவின்ரசிகன் (கோவை)

கரவெட்டி அண்ணா, ரெங்கநாதன் இருக்கிறது. மின்ட்டில் ஐபஸ், அதோடு எம்17என் என்ற இரண்டு பொதிகளை நிறுவுங்கள். உள்ளீட்டு முறைப் பட்டியலில் தமிழ் என்பதைத் திறந்தால் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட், ரெங்கநாதன் எல்லாம் வரிசையாக நிற்கும். வேண்டியதைச் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால் போதும். எழுதுவது எல்லாம் யூனிகோடில் வரும். பாமினி எழுத்துருவில் பழைய ஃபைல்கள் இருந்தால், அந்த எழுத்துருவையும் மின்ட்டில் நிறுவினால் படிக்க முடியும்.

நிறுவுவதற்கு முன் யூஎஸ்பியிலிருந்து லைவாக ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, வெப்கேம், பிரிண்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ரெங்கநாதனில் பழகின ஒருவரை உட்காரவைத்து ஒரு பக்கம் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அவருக்குச் சரியாக வந்தால் நிறுவுங்கள். ஏதாவது ஒரு எழுத்து இடம் மாறி வந்தால் எந்த விசை என்று இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்த்துச் சரிசெய்வோம்.